ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வது எப்படி: மனநோயும் நாம் நடத்தும் குழுக்களும்

விழிப்புணர்வு ஊர்வலம் நடத்துவது சுலபம். பதாகை பிடித்து நடந்து, உறுதிமொழி வாசித்து, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடலாம். அதில் நடந்த வீட்டுக்காரர் மறுமாதம் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டாரா, அதில் நடந்த முதலாளி அப்படிப்பட்டவரைக் கல்லாவில் உட்கார வைத்தாரா என்று பார்த்தால்தான் ஊர்வலம் எதைச் சாதித்தது என்று தெரியும். பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. மனநோயைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு, மனநோய் உள்ளவர் பக்கத்தில் உட்காருவது வேறு. முதலாவது நடந்துவிட்டால் இரண்டாவது தானாக நடக்கும் என்று நம்பித்தான் பல பிரசாரங்கள் வீணாகின்றன.

இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. ஏதாவது ஒரு குழுவை நடத்துகிறவர்களுக்காக எழுதப்பட்டது: குடியிருப்போர் சங்கம், விளையாட்டுக் குழு, வாசகர் வட்டம், அலுவலகப் பிரிவு, தன்னார்வ அமைப்பு, எதுவானாலும் சரி. "எங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லையே" என்று தோன்றினால் ஒரு கணக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் சுமார் 97 கோடிப் பேர், அதாவது எட்டில் ஒருவர், ஏதோ ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தார்கள். நாற்பது பேர் உள்ள குழுவில் உத்தேசமாக ஐந்து பேர். அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யாரிடம் போவது

"பொதுமக்களிடம் மாற்றம் கொண்டுவர வேண்டும்" என்று தொடங்கினால் வேலை எங்கேயும் போய்ச் சேராது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சாவிக்காரர் இருக்கிறார். வேலைக்கு எடுப்பவர், வீட்டை வாடகைக்கு விடுபவர், வகுப்பாசிரியர், காவலர், புறநோயாளிப் பிரிவுச் செவிலியர். இவர்களில் ஒரு தரப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவர்களிடம் எதிர்பார்க்கும் ஒரே ஒரு செயலை ஒரு வரியில் எழுதுங்கள். 'மனம் மாற வேண்டும்' என்பது செயல் அல்ல. 'வேலை விண்ணப்பப் படிவத்திலிருந்து மனநோய் பற்றிய கேள்வியை எடுத்துவிட வேண்டும்' என்பது செயல். செய்தார்களா இல்லையா என்று பிறகு போய்ப் பார்க்க முடிகிற எதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

நேரில் சந்திக்க வைப்பது

ஒதுக்கலைக் குறைப்பதற்கு இதுவரை முயன்று பார்த்தவற்றில் மிக வலுவான சான்று உள்ளது நேரடித் தொடர்புக்குத்தான். 2022இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையமும் இந்த முடிவுக்கே வந்தது. ஆனால் எந்தச் சந்திப்பும் பலன் தந்துவிடாது. இனப்பாகுபாட்டை ஆராய்ந்த உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிடத்தின் ஒப்புதல் வெளிப்படையாக இருக்க வேண்டும். மனநலக் காப்பகத்துக்குப் பழமும் துணியும் கொடுக்கப் போகிறவர்கள் ஏன் பழைய எண்ணத்தோடே திரும்புகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். கொடுப்பவர், வாங்குபவர் என்ற ஏற்பாட்டில் முதல் நிபந்தனையே உடைந்துவிடுகிறது.

நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு இது. கேட்பவர்கள் பதினைந்து முதல் இருபத்தைந்து பேர். அதற்கு மேல் போனால் அது சொற்பொழிவாகிவிடும். பேசுபவர்கள் இருவர். ஒருவரே வந்தால் அவர் 'மனநோயாளிகளின் பிரதிநிதி' ஆகிவிடுவார். இருவர் வந்தால் இரண்டு தனி மனிதர்கள் தெரிவார்கள். தலைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேச்சு, பிறகு அரை மணி நேரம் கேள்வி பதில். அது முடிந்ததும் கலைந்துவிடாமல், இரண்டு தரப்பும் கலந்து உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும்: அலுவலகத்தின் விடுப்பு விதியை மாற்றி எழுதுவது, சங்கத்தின் ஆண்டுத் திட்டத்தைப் போடுவது போல ஏதாவது ஒரு உண்மையான வேலை. மனத்தில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கடைசி நாற்பது நிமிடம்தான்.

பேச்சில் என்ன இருக்க வேண்டும்? நோயின் கதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதி, வேலை, நட்பு, அன்றாடம், எது உதவியது, யாருடைய எந்தச் சொல் அல்லது செயல் கதவைச் சாத்தியது அல்லது திறந்தது என்பது பற்றி இருக்கட்டும். முடிவில் கேட்பவர்களிடம் ஒரு குறிப்பிட்ட வேண்டுகோள். முன்பு நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வரி இங்கேதான் வரும்.

பேச்சாளரைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு பக்கமும் பள்ளம். எல்லாவற்றையும் வென்று உச்சிக்குப் போனவரைக் கூட்டி வந்தால், கேட்பவர்கள் கைதட்டிவிட்டு "இவர் விதிவிலக்கு" என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நோயின் தீவிரத்தில் இருப்பவரை மேடை ஏற்றினால் பழைய பயம் உறுதிப்படும், அவருக்கும் அது கெடுதல். கேட்பவர்களைப் போலவே வாழ்கிறவர்தான் தேவை: வேலைக்குப் போகிறார், மாதம் ஒரு முறை மருத்துவரைப் பார்க்கிறார், சில நாள் சரியில்லை, பல நாள் சரி. முதலாளிகள் கூடும் இடம் என்றால், இப்படி ஒருவரை வேலைக்கு வைத்திருக்கும் இன்னொரு முதலாளியையும் அழையுங்கள். தங்கள் தொழில்காரர் சொன்னால்தான் அவர்கள் காதில் ஏறும்.

பேச்சாளரைக் காப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார் என்பதை முன்கூட்டியே கேட்டு, நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். படம், காணொளி வேண்டாம் என்பதையே இயல்பான விதியாக வைத்து, அவர் விரும்பினால் மட்டும் எடுங்கள். இணையத்தில் போனது திரும்பி வராது. கடைசி நிமிடத்தில் "வரவில்லை" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, காரணம் கேட்கக் கூடாது. மற்ற பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையை இவருக்கும் கொடுங்கள். 'அனுபவத்தைப் பகிர்வது சேவைதானே' என்று கை விரிப்பதும் ஒதுக்கல்தான், கொஞ்சம் மரியாதையாகச் செய்யப்படுவது. மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பும் அவசியம். பழைய காயங்களைப் பேசியவருக்கு வலி மேடையில் தெரியாது. அடுத்த நாள் தனியாக இருக்கும்போது தெரியும்.

ஒரே ஒரு முறை நடத்தினால் பலன் சில வாரங்களில் கரைந்துவிடும். அதே கூட்டத்தை, அதே பேச்சாளர்களோடு, இரண்டு மாதத்தில் மூன்று நான்கு முறை கூட்டுங்கள். புதிது புதிதாக ஐந்து கூட்டங்களுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட இது மேல்.

நல்லெண்ணத்தில் செய்து கெடுப்பவை

"இதுவும் சர்க்கரை நோய் மாதிரி ஒரு நோய்தான், மூளையில் ரசாயனக் கோளாறு" என்ற விளக்கம் எல்லாரும் சொல்வது. இதில் பாதி லாபம் உண்டு: நோய் வந்ததற்கு அவரையே குறை சொல்வது குறைகிறது. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் மறுபக்கமும் தெரிகிறது. மூளையே அப்படி என்றால் இனி தேறமாட்டார், எப்போது என்ன செய்வாரோ என்ற எண்ணம் வலுக்கிறது, விலகி நிற்கும் ஆசை குறைவதில்லை. எனவே காரணத்தில் நிற்காதீர்கள். மீட்சியைச் சொல்லுங்கள்: சிகிச்சை எடுத்து, இடையில் சறுக்கி, மறுபடி எழுந்து, குடும்பமும் வேலையுமாக இருப்பவர்கள் ஏராளம்.

காதில் கருவி மாட்டி, மனநோயில் சிலருக்குக் கேட்கும் மாயக்குரல்களைப் போலி ஒலியாகக் கேட்க வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. பங்கேற்றவர்களிடம் பரிவு கூடும், கூடவே தள்ளி நிற்கும் விருப்பமும் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பத்து நிமிடம் கேட்டவருக்குப் பயம்தான் மிஞ்சுகிறது. குரல்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்து பழகியவரின் திறமை அதில் தெரிவதே இல்லை.

"அப்படி நினைக்கவே கூடாது" என்று கண்டிப்பதும் திருப்பி அடிக்கும். நினைக்காதே என்றதைத்தான் மனம் நினைக்கும். ஊடகத்தில் இழிவான சித்திரிப்பு வந்தால் எதிர்ப்புக் கடிதம் எழுதலாம், அது அந்தச் சித்திரிப்பை நிறுத்தவும் கூடும். அதனால் ஆட்களின் மனம் மாறிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வன்முறை பற்றிய கேள்வி எந்தக் கூட்டத்திலும் வந்தே தீரும். மழுப்பாதீர்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் வன்முறை செய்பவர்களாக இருப்பதைவிட அதற்கு இரையாவதே அதிகம். போதைப் பொருளும் சிகிச்சையின்மையும் சேரும்போது ஆபத்து கூடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியை மறைத்தால் மீதியையும் நம்பமாட்டார்கள்.

சொற்கள்

இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை, ஆனால் தவிர்க்கவும் முடியாது. 'பைத்தியம்', 'லூசு', 'மெண்டல்', 'கிறுக்கு' ஆகியவற்றை நாம் நாளொன்றுக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று ஒரு வாரம் கவனித்தாலே போதும். பெயருக்குப் பதில் நோயைச் சொல்லி அழைப்பதை நிறுத்துங்கள். 'அவர் ஒரு டிப்ரஷன் கேஸ்' என்பதைவிட 'அவருக்கு மனச்சோர்வு இருக்கிறது' நல்லது. அதைவிட, நோயைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் சொல்லாமல் இருப்பது நல்லது.

பெயருக்கு எவ்வளவு பாரம் உண்டு என்பதற்கு ஜப்பான் சாட்சி. ஸ்கிசோஃப்ரீனியா என்ற தீவிர மனநோயை அங்கே 'மனம் பிளந்த நோய்' என்று பொருள்படும் சொல்லால் குறித்துவந்தார்கள். நோயாளிகளின் குடும்ப அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் 2002இல் அதை 'ஒருங்கிணைவுக் கோளாறு' என்ற பொருளில் மாற்றினார்கள். அதற்கு முன்பு சுமார் 37 சதவீத நோயாளிகளுக்குத்தான் மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொல்லிவந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது 70 சதவீதத்தை நெருங்கியது. தென்கொரியா பின்னர் தேர்ந்தெடுத்த சொல், தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிப்பது. அதே நோய்க்கு நாம் வைத்திருக்கும் 'மனச்சிதைவு' என்ற சொல்லை இந்த வெளிச்சத்தில் ஒரு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

இடம் கொடுப்பதும் பொறுப்பு கொடுப்பதும்

"வாருங்கள், சும்மா உட்கார்ந்திருங்கள்" என்பது அழைப்பு போலத் தோன்றும், பார்வையாளர் சீட்டு அது. 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுன்டன் ஹவுஸ் என்ற, மனநோய் உள்ளவர்களுக்கான அமைப்பிலிருந்து பரவிய கிளப்ஹவுஸ் முறையில் வருகிறவர்களுக்கு 'உறுப்பினர்' என்றுதான் பெயர். சமையலறை, வரவேற்பு, கணக்கு எல்லாவற்றையும் உறுப்பினர்களும் பணியாளர்களும் சேர்ந்தே நடத்துவார்கள். ஆள் வராவிட்டால் வேலை நிற்கும், யாராவது தேடுவார்கள். சேர்ந்திருப்பது என்றால் இப்படித் தேடப்படுவதுதான்.

உங்கள் குழுவிலும் அப்படியே: சின்னதானாலும் உண்மையான ஒரு பொறுப்பு. சாவி வைத்திருப்பது, வருகைப் பதிவு, புத்தகம் வழங்குவது. பொய்யாக உருவாக்கிய வேலையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கூடவே ஒரு மாற்றாளையும் முதல் நாளே பெயர் சொல்லி வையுங்கள். இது எல்லாப் பொறுப்புக்கும் பொது விதியாக இருக்கட்டும், அவருக்கு மட்டும் வைத்தால் அது சந்தேகம்.

சேர்த்துக்கொண்ட பிறகு உறவு முறிவது பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வதால். முகத்தில் உணர்ச்சி தெரியவில்லை, கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது என்றால் அக்கறை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மனச்சிதைவில் இது நோயின் ஒரு கூறு, உள்ளே உணர்ச்சி இருக்கலாம். சில மருந்துகள் காலையில் தூக்கக் கலக்கம் தரும். எட்டு மணிக் கூட்டத்தைப் பதினொன்றுக்கு மாற்றினால் ஒருவர் கூடுதலாக வருவார். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்குக் கை நடுங்கலாம், தாகம் அதிகமாக இருக்கும், அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். தண்ணீர் எப்போதும் கைக்கெட்டட்டும், கோப்பையை விளிம்புவரை நிரப்பாதீர்கள், கதவருகே இருக்கை கொடுங்கள். சில மருந்துகளால் கால்கள் ஓரிடத்தில் நிற்காது. நின்றுகொண்டோ நடந்துகொண்டோ கேட்பது இங்கே வழக்கம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டால் அவர் தனித்துத் தெரியமாட்டார். கவனமும் நினைவும் தடுமாறுவதுண்டு, எனவே முடிவுகளை எழுதிக் கொடுங்கள்.

அழைத்தும் வராவிட்டால் மறுபடி அழையுங்கள். மூன்று முறை மறுத்தவரை நான்காவது முறை கூப்பிடாமல் விடுவது நமக்கு நாகரிகம், அவருக்கு 'எதிர்பார்த்ததுதான்'. அழைப்பு சின்னதாகவும் முடிவு நேரத்தோடும் இருக்கட்டும்: "சனிக்கிழமை நாலு மணிக்கு, அரை மணி நேரம், நாங்கள் மூன்று பேர்தான்."

வேலை

சம்பளம் வரும் வேலையைப் போல ஒருவரை மறுபடி ஊரோடு சேர்த்து வைப்பது வேறில்லை. பழைய வழி: முதலில் பல மாதப் பயிற்சி, 'தயாரான' பிறகு வேலை. பலர் கடைசிவரை தயாராவதே இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய முறை இதைத் தலைகீழாக்கியது: வேலை செய்ய விரும்புகிற எவரையும் விலக்காமல், சாதாரண வேலைச் சந்தையில் சாதாரணச் சம்பளத்துக்கு, ஒரு மாதத்துக்குள் வேலை தேடத் தொடங்கி, வேலையில் சேர்ந்த பிறகு துணை நிற்பது. வழக்கமான பயிற்சி வழியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு பேர் இதில் வேலை பெற்றார்கள். இதில் முக்கியம் அந்தக் கடைசிப் பகுதி. வேலை கிடைத்ததும் கைவிட்டால் முதல் மோதலிலேயே விலகிவிடுவார்.

முதலாளி செய்ய வேண்டிய மாற்றங்கள் பெரும்பாலும் செலவில்லாதவை: தாமதமான தொடக்க நேரம், மருத்துவர் சந்திப்புக்கு விடுப்பு, சத்தம் குறைந்த இருக்கை, வேலையைச் சொல்வதோடு எழுதியும் கொடுப்பது, வாரம் ஒரு முறை பத்து நிமிடப் பேச்சு. இந்த மாற்றங்களைக் கேட்கும் ஊழியருக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது: 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின்படி, நியாயமான மாற்றத்தை மறுப்பதே பாகுபாடு.

சொல்வதா, வேண்டாமா

நோயை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லி யாரையும் தூண்டாதீர்கள். சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. முடிவு முழுக்க அவருடையது. நீங்கள் யோசிக்கத் துணையாக இருக்கலாம். யாரிடம், எவ்வளவு, எதற்காக என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். விடுப்பு வேண்டும் என்றால் "எனக்கு ஒரு நீண்டகால உடல்நலப் பிரச்சினை, மாதம் ஒரு முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்பதே போதுமானதாக இருக்கலாம். முதலில் ஆபத்தில்லாத ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பது நல்லது. வேறொருவரின் மனநோய் பற்றிய செய்தி வந்தபோது அவர் என்ன சொன்னார் என்பது நல்ல முன்னறிவிப்பு. உங்களிடம் சொன்னதை, நல்ல நோக்கத்துக்காகக்கூட, அடுத்தவரிடம் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. மனநோய் உள்ளவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் "பதற்றம்தான்" என்று அனுப்பிவிடும் பழக்கம் மருத்துவமனைகளிலும் உண்டு. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதற்கு, இதய நோய் போன்ற தடுக்கக்கூடிய உடல் நோய்கள் ஒரு பெரிய காரணம். கூடப் போகிறவர் மருத்துவரிடம் கொடுக்கும் தாளின் முதல் வரியில் உடல் அறிகுறியையும் அது தொடங்கிய நாளையும் எழுதட்டும். மனநல மருந்துகளின் பட்டியல் அதற்குக் கீழே வரட்டும்.

எண்ணிப் பார்ப்பது

தொடங்கும் முன்பும், முடித்த மூன்று மாதம் கழித்தும், பெயர் எழுதாத தாளில் நான்கு கேள்விகள்: மனநோய் உள்ளவரோடு ஒரே வீட்டில் வாழ்வீர்களா, சேர்ந்து வேலை செய்வீர்களா, பக்கத்து வீட்டில் இருந்தால் சரியா, நண்பருக்கு அப்படி வந்தால் நட்பைத் தொடர்வீர்களா. கூட்டம் முடிந்த உடனே எடுத்தால் எல்லாரும் நல்லவர்களாகத்தான் எழுதுவார்கள், அதை நம்பாதீர்கள். இதைவிட நம்பத்தக்கவை எண்ணிக்கைகள்: எத்தனை பேர் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள், குழுவில் எத்தனை பொறுப்புகள் யாரிடம். அந்த எண் அசையாவிட்டால் தேர்ந்தெடுத்த தரப்பும் கேட்ட செயலும் சரிதானா என்று மறுபடி பாருங்கள். இன்னொரு கூட்டம் போடுவது தீர்வாகாது.

சறுக்கும்போதும் திரும்பி வரும்போதும்

நன்றாக இருக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வையுங்கள்: சரியில்லாமல் போவதன் முதல் அடையாளம் என்ன, யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது, எது அமைதி தரும். நெருக்கடியில் அவர் நம்புவது நடக்கிறதா இல்லையா என்று வாதிடாதீர்கள். "உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது" என்பதில் நில்லுங்கள். தாழ்ந்த குரல், ஒருவர் மட்டும் பேசுவது, வெளியேறும் வழியை மறிக்காமல் இருப்பது. தற்கொலை எண்ணம் இருக்கிறதோ என்று தோன்றினால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருட்களை அகற்றுங்கள், அவசர உதவியை அழையுங்கள்.

மருத்துவமனையில் சேர்ந்தால், கால் முறிந்தவரைப் பார்க்கப் போவது போலப் போய்ப் பாருங்கள், அவர் சம்மதத்தோடு. போக முடியாவிட்டால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். குழுவில் மற்றவர்கள் கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். "உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் வருவார்" என்பதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.

திரும்பி வரும் நாளில் வரவேற்பு விழா வேண்டாம். சுற்றி நின்று "இப்போ எப்படி இருக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்பதும் வேண்டாம், ஒருவர் கேட்டால் போதும். மாத்திரை போட்டாயா என்பது உங்கள் கேள்வி இல்லை. அவர் இல்லாதபோது பொறுப்பைப் பார்த்துக்கொண்ட மாற்றாள், என்ன நடந்தது, எது பாக்கி என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கட்டும். "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு விஷயம் புரிந்துவிடும். சாவி முதல் வாரத்திலேயே கைமாற வேண்டும், பாதி நாள்தான் வர முடியும் என்றாலும்.